கோவாவில் வார்த்த கேன்சஸ் வீரன்: ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோவின் கதை

அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1982-இல் தொடங்கிய மூன்றே முக்கால் அங்குல ஜி.ஐ. ஜோ என்ற இராணுவ வீரப் பொம்மை வரிசை, அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. பெங்களூரில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இந்த ஆண்டுக் கணக்கு விசித்திரமாகத் தோன்றும். ஏனென்றால் 1994-க்குப் பிறகும் பல ஆண்டுகள் கமர்ஷியல் தெருவிலும் பிரிகேட் சாலையிலும் இருந்த பொம்மைக் கடைகளில் அதே வீரர்கள் புத்தம்புது அட்டைகளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வேறெதையும் கேட்டதில்லை. அமெரிக்கச் சிறுவன் பரணில் ஏற்றிவிட்ட பொம்மையை நாங்கள் அப்போதுதான் உறை பிரித்துக்கொண்டிருந்தோம். இந்தக் கால இடைவெளி எப்படி உண்டானது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். உரிமம் பெற்று உள்நாட்டில் செய்த பொம்மை என்றாலே அது அசலுக்கு ஒரு படி கீழே என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஃபன்ஸ்கூல் நிறுவனம் இங்கே செய்த ஜி.ஐ. ஜோ விஷயத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது என்பது என் கருத்து.

முதலில் அமெரிக்கப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-இல் ஹாஸ்ப்ரோ வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ ஓரடி உயரம் கொண்டவன். துணியால் தைத்த சீருடை அணிந்தவன். வியட்நாம் போர் அந்நாட்டு மக்களுக்குக் கசந்துபோன பிறகு இராணுவப் பொம்மைகளின் மவுசு குறைந்தது. எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில் பிளாஸ்டிக்கின் விலையும் ஏறியது. 1976-இல் அந்தப் பெரிய பொம்மை நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த ஸ்டார் வார்ஸ் பொம்மைகளைக் கென்னர் நிறுவனம் மூன்றே முக்கால் அங்குலத்தில் செய்து விற்றுக் குவித்ததைப் பார்த்து, ஹாஸ்ப்ரோவும் தன் வீரனை அதே அளவுக்குச் சுருக்கி 1982-இல் மறுபடி களமிறக்கியது. உருவம் சிறியதானதும் பிளாஸ்டிக்கும் குறைந்தது, விலையும் குறைந்தது. ஒரே ஒரு வீரனுக்குப் பதிலாக ஒரு படையையே விற்க முடிந்தது. அந்தப் படைக்குக் கோப்ரா என்றொரு எதிரிப் படையையும், மார்வெல் நிறுவனத்தின் மாத காமிக்ஸ் ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அந்தக் காமிக்ஸை எழுதிய லாரி ஹாமாதான் ஒவ்வொரு பொம்மையின் அட்டைக்குப் பின்னால் அச்சான விவரக் குறிப்புகளையும் பெரும்பாலும் எழுதினார். இயற்பெயர், பிறந்த ஊர், பதவி, எந்த ஆயுதத்தில் தேர்ச்சி, குணம் எப்படிப்பட்டது என எல்லாம் சில வரிகளில் இருக்கும். அவர் அமெரிக்க இராணுவத்தின் பொறியாளர் படையில் சேவை செய்தவர் என்பதால், அந்தக் குறிப்புகளில் பட்டாள வாழ்க்கையின் சலிப்பும் கிண்டலும் இயல்பாகவே கலந்திருந்தன. பொம்மையை விட அந்தக் குறிப்புதான் எனக்கு முக்கியம் என்று இப்போது தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தியாவுக்கு இந்த வீரன் ஏன் கப்பலில் வரவில்லை? எண்பதுகளில் நுகர்பொருள் இறக்குமதி என்பது நம் நாட்டில் ஏறக்குறைய மூடப்பட்ட வாசல். அன்னியச் செலாவணியை எண்ணி எண்ணிச் செலவழித்த அரசு, அதைப் பொம்மைக்காக விடத் தயாராக இல்லை. 1991-இல் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்த பிறகும் இந்த வாசல் உடனே திறந்துவிடவில்லை; எந்த நுகர்பொருளை எவ்வளவு இறக்கலாம் என்ற அளவுக் கட்டுப்பாடுகள் இன்னும் பத்தாண்டுகள் நீடித்தன. துபாயிலோ சிங்கப்பூரிலோ மாமா சித்தப்பா யாராவது இருந்தால் ஒழிய, வெளிநாட்டுப் பொம்மை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. இந்தியச் சந்தை வேண்டும் என்று நினைத்த எந்த வெளிநாட்டு நிறுவனமும் இங்கே ஒரு கூட்டாளியைப் பிடித்து, இங்கேயே வார்த்து, இங்கேயே விற்க வேண்டியிருந்தது.

ஹாஸ்ப்ரோ பிடித்த கூட்டாளி சென்னையின் எம்.ஆர்.எஃப் நிறுவனம். டயர் நிறுவனத்துக்கும் பொம்மைக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு அந்த நிறுவனத்தின் பிறப்பே பதில் சொல்லும். 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியது பொம்மைப் பலூன் செய்யும் தொழில். டயருக்கு மேற்பட்டை ஒட்டும் ரப்பர் 1952-இல்தான் வந்தது. டயர் அறுபதுகளில் வந்தது. ஆக, 1987-இல் ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, எம்.ஆர்.எஃப் தன் பழைய தொழிலுக்குத்தான் வேறு வழியாகத் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம். தலைமையகம் சென்னை, தொழிற்சாலை கோவா. எண்பதுகளின் இறுதியில் தொடங்கி, 2000-ஆம் ஆண்டு பிறந்த பின்னரும் சில காலம் வரை ஜி.ஐ. ஜோ அங்கிருந்து இந்தியக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தான்.

இனி அச்சுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பொம்மையைச் செய்வதில் பெருஞ்செலவு பிளாஸ்டிக்குக்கு ஆவதில்லை, எஃகு அச்சுக்குத்தான் ஆகிறது. ஒரு ஜோவுக்குத் தலை, மார்பின் முன்பாதி, பின்பாதி, மேற்கை, முன்கை, இடுப்பு, தொடை, முழங்காலுக்குக் கீழே என்று ஒவ்வொரு துண்டுக்கும் எஃகில் குழி வெட்ட வேண்டும். விரல் இடுக்கும் தோட்டாப் பையின் மடிப்பும் தெரியும்படி வெட்டுவதற்குத் தேர்ந்த கைகள் தேவை. ஒருமுறை வெட்டிவிட்டால், அந்த அச்சு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் அந்தப் பொம்மை பிறக்கும். ஹாஸ்ப்ரோ ஒரு வீரனை அமெரிக்காவில் இரண்டொரு ஆண்டுகள் விற்றுவிட்டு, அடுத்த ஆண்டுக்குப் புதிய வீரர்களைக் கொண்டுவந்துவிடும். வேலை முடிந்த அச்சுகளை உரிமம் பெற்ற வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அனுப்பும். பிரேசிலில் எஸ்த்ரேலா, அர்ஜென்டினாவில் பிளாஸ்டிராமா, மெக்சிகோவில் அவுரிக்கென் என்று அந்தக் கூட்டாளிகளின் வரிசை நீளும். நம் ஃபன்ஸ்கூலும் அந்த வரிசையில் ஒன்று.

என் தாய்மாமா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில், அச்சுகளைக் கவனிக்கும் டூல் ரூமில் வேலை பார்த்தார். பிள்ளைகள் விளையாடுவதை விட்டு எழுந்து போனால், அவர் எங்கள் பொம்மைகளை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார். கையின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டை நகத்தால் தடவிக் காட்டுவார். அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடம் அது. "டை நல்ல டைடா. வெட்டினவன் கெட்டிக்காரன். ஆனா நிறைய ஷாட் ஓடியிருக்கு, ஓரத்துல ஃபிளாஷ் எட்டிப் பார்க்குது பாரு" என்று அவர் சொன்னது எனக்கு அப்போது பாதிதான் விளங்கியது. டை என்பது அச்சு. உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு அதற்குள் செலுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு ஷாட். ஷாட்டுகள் ஏற ஏற இரண்டு பாதிகளின் விளிம்பும் தேய்ந்து, இடைவெளி விழுந்து, அதன் வழியே தோசை ஓரத்தின் மொறுமொறுப்பைப் போல ஒரு மெல்லிய செதில் பிதுங்கும். அதுதான் ஃபிளாஷ். அந்தச் செதிலைப் பார்த்தே அச்சின் வயதைச் சொல்லிவிடும் மனிதர் அவர். எங்கள் கையில் இருந்த புதுப் பொம்மை ஒரு பழைய அச்சின் பிள்ளை என்பதை, அட்டையில் எந்த ஆண்டும் பார்க்காமல், முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அதனால்தான் எங்கள் கடைகளில் எந்தக் காலவரிசையும் இல்லை. அமெரிக்காவில் 1983-இல் வந்த மேஜர் பிளட், அதே ஆண்டின் பனிப்பிரதேச வீரன் ஸ்னோ ஜாப், 1984-இன் ரோட்பிளாக், 1985-இன் ஃபிளின்ட், 1986-இன் பீச் ஹெட் ஆகிய எல்லோரும் தொண்ணூறுகளில் ஒரே கம்பியில் அடுத்தடுத்துத் தொங்கினார்கள். அமெரிக்கச் சிறுவனுக்கு இவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து போனவர்கள். எங்களுக்கு எல்லோரும் சமகாலத்தவர். பனியையே கண்டிராத ஊரில் ஸ்னோ ஜாபை வாங்கியவன் அவனைச் சாக்பீஸ் தூளில் உருட்டி விளையாடுவான் என்பது வேறு விஷயம்.

நிறங்களைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். ஒரே வீரன், ஒரே அச்சு, ஆனால் இந்த ஆண்டு வாங்கியவனின் சட்டை ஒரு பச்சை, இரண்டு ஆண்டு கழித்து வாங்கியவனின் சட்டை இன்னொரு பச்சை. சிலருக்குக் கையின் நிறமும் உடலின் நிறமும் சற்றே விலகியிருக்கும். கையில் கொடுத்த துப்பாக்கிகள்கூட அந்த வீரனுக்கே உரியவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொருவனின் ஆயுதம் இவனுடைய உறையில் இருக்கும். பிளாஸ்டிக்குக்கு நிறம் கொடுக்கும் கலவையை ஒவ்வொரு உற்பத்திச் சுற்றுக்கும் புதிதாகச் சேர்க்கிறார்கள். கண், புருவம், பெல்ட் போன்ற நுண்ணிய இடங்களுக்குப் பெயின்ட் ஏற்றுவது கைவேலையின் நிதானத்தைப் பொறுத்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே பொம்மையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்தால் நிறம் நகர்வது இயற்கை. அமெரிக்காவில் ஒரு வீரனின் ஆயுள் ஓரிரு ஆண்டுகள்தான் என்பதால் அங்கே இந்த நகர்வுக்கு அவகாசமே இருக்கவில்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று ஃபன்ஸ்கூல் பொம்மைகளின் நிற வேறுபாடுகளைப் பட்டியலிட்டுத் துரத்துகிறார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் புருவத்தின் அகலத்தை ஒப்பிடுபவர்களும் உண்டு. இதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது, ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: பீச் ஹெட்டைப் போன்ற சில இந்திய வார்ப்புகள் அமெரிக்க அசலுக்குப் பக்கத்தில் தயக்கமின்றி வைக்கத் தக்கவை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

பொம்மைக்கு இந்திய வேடம் போட ஃபன்ஸ்கூல் முனையவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் பிடித்த விஷயம். அதே காலத்தில் மும்பைப் பக்கம் வேறு விதமாக நடந்தது. மேட்டல் நிறுவனம் லியோ என்ற உள்நாட்டுப் பெயரோடு இணைந்து ஹீ-மேனையும் பார்பியையும் இங்கே கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் பார்பிக்குச் சேலை கட்டி, நெற்றியில் பொட்டு வைத்து விற்றார்கள். முகம் மட்டும் அமெரிக்க முகமாகவே இருந்தது. அந்தச் சேலைப் பார்பிகளுக்கும் இன்று சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், எனக்கென்னவோ அது நவராத்திரிக் கொலுவுக்கு வந்த விருந்தாளியைப் போலத்தான் பட்டது. ஜோவை அப்படி யாரும் தொடவில்லை. ஃபிளின்ட் கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவில் பிறந்தவனாகவே இருந்தான். ரோட்பிளாக் மிசிசிப்பியின் பிலாக்சியில் பிறந்து, கனரக இயந்திரத் துப்பாக்கியைத் தூக்குவதோடு அருமையாகச் சமைக்கவும் தெரிந்தவனாகவே இருந்தான். பீச் ஹெட்டின் ஊர் அலபாமாவின் ஆபர்ன்.

அல்சூரில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. எங்கள் ஏரிக்கு அடுத்தாற்போல் இருப்பது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று அழைக்கப்படும் மெட்ராஸ் பொறியாளர் படையின் மையம். விடியற்காலையில் அந்தப் பக்கம் பால் வாங்கப் போனால், வெள்ளை பனியனும் காக்கி அரைக்கால் சட்டையுமாக அணி அணியாக ஓடிவரும் இளைஞர்களைப் பார்க்கலாம். அந்தப் படையினரைத் தம்பிகள் என்று இராணுவத்தில் செல்லமாகக் குறிப்பிடுவார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்கள் ஏராளம். எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற ஒரு சுபேதார் இருந்தார். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும்தான் பட்டாளத்தின் உண்மையான வேலை, சுடுவது அப்புறம்தான் என்று எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொல்லுவார். அசல் வீரர்கள் வாசலிலேயே ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் விச்சிட்டாவில் பிறந்தவனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அட்டைக் குறிப்புகளை எழுதிய ஹாமாவும் ஒரு பொறியாளர் படைக்காரர்தான் என்பது தெரிந்திருந்தால் அந்த சுபேதார் நிச்சயம் சந்தோஷப்பட்டிருப்பார். அந்தக் குறிப்புகள்தான் எங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் விரும்பிப் படித்த முதல் வாசகம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பாடப்புத்தகத்தில் வராத சொற்கள் அவற்றில் இருந்தன. அகராதி எடுத்துப் பார்க்கும் அளவுக்கு ஆவலும் இருந்தது. அட்டையைக் கத்தரித்துக் குறிப்பை மட்டும் எடுத்து ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்துவைப்போம். பள்ளி இடைவேளையில் அந்தக் கட்டு பொம்மையை விட அதிக மதிப்போடு கைமாறும்.

பொம்மையின் உள்ளே இருந்த ரப்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜோவின் முதுகில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைக் கழற்றினால் மார்பு இரண்டு பாதியாகப் பிரியும். உள்ளே ஒரு கறுப்பு ஓ-ரிங். மேல்முனை திருகாணித் தூணில் மாட்டியிருக்கும். கீழ்முனை இடுப்பின் துவாரம் வழியாக இறங்கிக் கால்களைப் பிடித்திருக்கும் உலோகக் கொக்கியில் மாட்டியிருக்கும். இடுப்பு திரும்புவதும், கால் மடங்கி உட்காருவதும் இந்த ஒரு வளையத்தின் இழுவிசையால்தான். 1983-இல் முழங்கைக்கு மேலே கையைச் சுழற்றும் வசதியும் சேர்ந்த பிறகு, அந்த அளவுப் பொம்மைகளில் இவ்வளவு லாவகமாக நிற்கவும் குனியவும் துப்பாக்கி பிடிக்கவும் கூடியது வேறில்லை. ஆனால் ரப்பர் காற்றுப் பட்டே மூப்படையும் பொருள். சில ஆண்டுகளில் வளையம் வெடித்து, வீரன் இடுப்போடு இரண்டாகிவிடுவான். அமெரிக்காவிலும் இதே கதிதான். இருந்தாலும், ரப்பரை வைத்தே பெயர் வாங்கிய ஒரு குழுமத்தின் பொம்மை ரப்பர் போய்ப் படுத்துவிடுவதில் ஒரு நகைச்சுவை இருக்கத்தான் செய்கிறது.

இதற்கு மருத்துவம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிறது. பம்பு, குழாய், ஹைட்ராலிக் உதிரிகள் விற்கும் கடைகளில் சரம் சரமாக ஓ-ரிங் தொங்கும். பழைய வளையத்தின் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போய்க் காட்டினால், கடைக்காரர் கண்ணாலேயே அளந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். பைப்புக்கா, ஸ்டவ்வுக்கா என்று கேட்பார். பொம்மைக்கு என்றால் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். வளையம் தடிமனாக இருந்தால் முதுகு மூடாது. தளர்வாக இருந்தால் கால்கள் தொளதொளவென்று ஆடும். கடிகாரம் பழுது பார்ப்பவர்களின் திருப்புளிதான் திருகாணிக்குச் சரி. கொக்கியை இடுப்பின் துவாரத்துக்குள் நுழைத்து, ரப்பரை இழுத்துத் தூணில் மாட்டி, அது நழுவும் முன் முதுகை வைத்து அழுத்தித் திருகாணியை ஏற்ற வேண்டும். கடைசிச் சுற்றில் வலுவைக் காட்டினால் பழைய பிளாஸ்டிக் விரிசல் விடும். மாற்றிய பிறகு வீரனை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். தானாக நிமிராமல் இருந்தால் அளவு சரி.

1994-க்கு வருவோம். அமெரிக்காவில் பழைய வரிசை நின்றது. 1997-இல் பதினைந்தாம் ஆண்டையொட்டிப் பழைய வீரர்கள் சிலரை ஹாஸ்ப்ரோ மறுபடி வெளியிட முயன்றபோது, வேண்டிய அச்சுகள் எல்லாம் கைக்கு அகப்படவில்லை. சிலருக்கு வேறு வீரர்களின் உறுப்புகளைப் பொருத்தித்தான் வெளியிட்டார்கள். சேகரிப்பாளர்கள் முணுமுணுத்தார்கள். இதே நேரத்தில் கோவாவில் எண்பதுகளின் அச்சுகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. இணைய வணிகம் பரவியதும், 2000-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்க வியாபாரிகள் இந்தியாவிலிருந்து பெட்டி பெட்டியாக ஃபன்ஸ்கூல் ஜோக்களை வரவழைத்துச் சில டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். அங்கே பழைய சந்தையில் பிரிக்காத அட்டையோடு ஒரு 1984-ஆம் ஆண்டு வீரன் வேண்டுமென்றால் கணிசமாகச் செலவழிக்க வேண்டும். அதே வார்ப்பின் உடலோடு புதிதாகச் செய்தவன் அதில் ஒரு சிறு பகுதி விலைக்குக் கிடைத்தான். அமெரிக்க வீரன் என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் இந்திய ஏற்றுமதிச் சரக்காகத் தாய்நாடு திரும்பினான் என்பதை நான் சற்று மிகையான பெருமிதத்தோடுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அந்தக் காலகட்டமே முடிவின் தொடக்கமாகவும் இருந்தது. அளவுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் 1999-இல் இந்தியா தோற்றது. எஞ்சியிருந்த கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரல் 1 முதல் நீங்கின. நுகர்பொருள் வாசல் திறந்தது. சீனப் பொம்மைகள் வந்து குவிந்தன. சிக்பேட்டையின் மொத்தக் கடைகள் சில ஆண்டுகளுக்குள் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டன. வெளிநாட்டில் செய்ததை நேரடியாக இறக்க முடியும் என்றானதும், பழைய அச்சை இங்கே கொண்டுவந்து ஓட்டுவதற்கான பொருளாதாரக் காரணமே இல்லாமல் போனது. 2000-களின் முதல் சில ஆண்டுகளோடு இந்திய ஜோ கடைகளிலிருந்து மறைந்தான். இறக்குமதித் தடையால் பிறந்த பொம்மை அந்தத் தடை விலகியதும் போய்விட்டது. அதன் தரத்தைக் குறை சொல்லி யாரும் அதை நிறுத்தவில்லை.

சட்டத்தின் சக்கரம் பிறகு எதிர்த்திசையிலும் சுழன்றது. 2020-இல் பொம்மை மீதான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்ந்தது, 2023-இல் 70 சதவீதமானது. 2021 முதல் அரசின் தரச் சான்றான பி.ஐ.எஸ் முத்திரை இல்லாத பொம்மையை விற்க முடியாது. இன்று ஃபன்ஸ்கூலுக்குக் கோவாவோடு ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை இருக்கிறது. பச்சிளங்குழந்தைகளுக்கான கிகிள்ஸ் வரிசையையும் பலகை விளையாட்டுகளையும் செய்கிறது, வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செய்து ஏற்றுமதியும் செய்கிறது. ஹாஸ்ப்ரோவின் இன்றைய ஜோவோ 2020-இல் வந்த ஆறங்குல கிளாசிஃபைட் வரிசைக்காரன். இப்போது அவன் பெரும்பாலும் நாற்பது வயதுக்காரர்களின் அலமாரிக்கான பொருள்.

பழைய ஃபன்ஸ்கூல் ஜோவைத் தேடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் பி.வி.கே. ஐயங்கார் சாலைச் சந்தையில், பழைய சார்ஜர்களுக்கும் உடைந்த ரிமோட்டுகளுக்கும் நடுவே எப்போதாவது ஒருவன் கிடப்பான். முதலில் கட்டைவிரல்களைப் பாருங்கள். துப்பாக்கியைத் திணித்துத் திணித்து அவைதான் முதலில் போகும். அடுத்தது கால்கள் சேரும் கவட்டைப் பகுதி. அங்கே ஒட்டுப்பசையின் பளபளப்பு தெரிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். இடுப்பு தொங்கினால் கவலை வேண்டாம், அது வெறும் ஓ-ரிங். பெயின்ட் போயிருந்தால் விட்டுவிடுங்கள், மேலே பூசாதீர்கள். அட்டைக் குறிப்பு கிடைத்தால் மட்டும் பேரம் பேசாமல் வாங்கிவிடுங்கள். பொம்மைகளை விட அவைதான் இப்போது அரிது.